பிரான்சில எனக்கு மூண்டு வீடு

தம்பி தமிழோ? பாத்தோண்ண நினைச்சனான். இருங்கோ, இருங்கோ, இது ஆளில்லாத கதிரைதான். எங்கட ஆக்கள் இருந்தவை, மேல் தட்டுக்குக் கடல் பாக்கப் போட்டினம். கோப்பியை மேசையில வையுங்கோ, கப்பல் ஆடுது, சட்டையில ஊத்திப்போடும்.

எங்க பயணம்? ரென்னுக்கோ? அக்கா வீட்டையோ? பாத்தியளே, உங்களுக்குப் போய் இறங்க ஒரு வீடு இருக்கு. எனக்கும் பிரான்சில வீடு இருந்தது தம்பி. ஒண்டில்லை, மூண்டு. போன மாசம் வரைக்கும் மூண்டும் இருந்தது. இண்டைக்கு நான் பெண்சாதி பிள்ளையளோட கடற்கரையில ஏதோ ஒரு பெட்டி வீட்டில போய்க் கிடக்கப் போறன். காம்பிங் எண்டுறது. முகாம் வேண்டாம் எண்டு ஓடி வந்த சனம் நாங்கள். இப்ப நாங்களே கேட்டு, பதிஞ்சு, முகாமுக்குப் போறம். சிரியுங்கோ, நானும் முதல் சிரிச்சனான்தான்.

என்ர பேர் குணநாயகம். லண்டனில, ஹேய்ஸில சின்னக் கடை ஒண்டு வைச்சிருக்கிறன். பாண், பால், பேப்பர், பியர், எங்கட சாமான் கொஞ்சம். கடை எண்டா உங்களுக்குத் தெரியும்தானே, நத்தாருக்கும் திறக்கவேணும், காய்ச்சலுக்கும் திறக்கவேணும். பிள்ளையளோட ஒரு நாளும் விடுமுறை எண்டு போனதில்லை. போகக் கூடாதெண்டு இல்லை. போகேல்லை, அவ்வளவுதான்.

மூத்தவள் ஆரபி. செப்டம்பரில அபர்டீன் யூனிவெர்சிட்டிக்குப் போறாள், என்ஜினியரிங். அபர்டீன் எங்க இருக்கு தெரியுமே? அதுக்கு மேல பிறகு கடல்தான். ஒரு நாள் கடையை மூடிக்கொண்டு நிக்கிறன், வந்து சொல்லுறாள், "அப்பா, நான் போக முதல் இந்தச் சம்மருக்கு எங்கையாவது போவம். காரில. நாங்கள் நாலு பேரும் மட்டும்." ஷட்டரை இழுத்துக்கொண்டு நிண்டனான், கை அப்பிடியே நிண்டிட்டுது. பிள்ளை போகப் போறாள் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் உறைச்சது தம்பி. அதுக்கு முதல் எல்லாருக்கும் இனிப்புக் குடுத்துக்கொண்டு திரிஞ்சனான், ஆனா உறைக்கேல்லை. இந்த ஒரு பயணத்தை அவள் ஆயுசுக்கும் மறக்காத மாதிரிச் செய்து குடுக்கவேணும் எண்டு அந்த இடத்திலேயே முடிவெடுத்திட்டன். மச்சான்காரனைக் கடையில விட்டுப்போட்டு, பத்து நாள். சரியெண்டன்.

எங்க போறது? பிரான்ஸ்தான். காரைக் கப்பலில ஏத்தினா அந்தப் பக்கம் இறக்கலாம். அதோட பிரான்ஸ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஊர் தெரியாது, ஆக்களைத் தெரியும். பாரிசோட ஒட்டின லாக்கூர்னேவில என்ர சொந்தத் தங்கச்சி சுகந்தி. லியோனில பெரியம்மான்ர மகன், இரத்தினராசா அண்ணை. துலூசில என்னோட படிச்ச ஞானேஸ், அவன் சகோதரம் மாதிரி. பிரான்ஸ் படத்தை எடுத்து இந்த மூண்டு புள்ளியையும் வைச்சுக் கோடு கீறினா, அதுதான் ரோட்டு. வேற என்ன திட்டம் வேணும்?

ஆனா நான் சொல்லுறதுதான் சட்டம் எண்டு நிக்கிற தகப்பன் இல்லை. பிள்ளையளுக்கு முழுச் சுதந்திரம். குசினி மேசையில எல்லாரையும் இருத்தி, தேத்தண்ணி போட்டு, ஆளாளுக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டனான். சின்னவன் கிரிஷன் சொன்னான், தண்ணிச் சறுக்கு வேணுமாம், உயரத்தில இருந்து வழுக்கி வந்து விழுறது. ஆரபி சொன்னாள், கடற்கரையோட ஒரு காம்பிங், விடியக் கதவைத் திறந்தா கடல் தெரியவேணும். மனிசி வதனா சொன்னா, "நான் சமைக்காத இடம் எதுவெண்டாலும் சரி."

மூண்டையும் நான் திட்டத்துக்குள்ள கொண்டு வந்தனான். ஒண்டையும் விடேல்லை. சறுக்கோ? லியோன் அண்ணை வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில சறுக்கு இருக்கு. தண்ணி இல்லை, சறுக்குத்தான். கடலோ? துலூசில இருந்து ரெண்டு மணித்தியாலம் ஓடினா கடல், ஞானேஸ் வழி காட்டுவான், அவன்ர குடும்பமும் வரும், நல்ல பம்பல். மனிசி சமைக்கத் தேவையில்லை, மூண்டு வீட்டிலயும் வீட்டுக்காரர் சமைப்பினம், இவ கூட நிண்டு ஒரு கை குடுத்தாச் சரி. இதை விட வடிவா ஆர் திட்டம் போடுவினம்?

ஆரபி மெல்லமாச் சொன்னாள், "அப்பா, நாலு பேரும் மட்டும் எண்டெல்லோ சொன்னனான்." நான் சொன்னன், "நாலு பேரும்தானே பிள்ளை போறம். காருக்குள்ள ஐஞ்சாவது ஆள் இருக்கோ?" அவள் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. ஒத்துக்கொண்டிட்டாள். விளங்கப்படுத்தினா விளங்கிற பிள்ளை.

ஹோட்டல் ஏன் எடுக்கேல்லை எண்டு நீங்கள் கேக்கமாட்டியள், உங்களுக்குத் தெரியும். தங்கச்சி லாக்கூர்னேவில இருக்க நான் பாரிசில ஹோட்டலில படுத்தன் எண்டு வையுங்கோ. முதல் நாள் பாரிசுக்குத் தெரியும், அடுத்த நாள் கனடாவுக்குத் தெரியும், மூண்டாம் நாள் நல்லூரில அம்மா ஃபோன் எடுத்து அழுவா. இந்தச் சோலி எங்களுக்கு வேணுமே?

நான் சும்மா இருக்கேல்லை. பிரான்சில வலப்பக்கம் ஓடவேணும்தானே. ஞாயிறு விடிய, சனமில்லாத கார்ப் பார்க்கில போய் வலப்பக்கம் ஓடிப் பழகினனான். ஆரபி பக்கத்தில இருந்து, "வலம் அப்பா, வலம், வலம்" எண்டு சொல்லிக்கொண்டு வந்தாள். ரவுண்டபவுட் எண்டு நடுவில ஒரு ட்ரொலியை வைச்சுச் சுத்தினம். ரெண்டாம் ஞாயிறு ட்ரொலியை நான் இடிச்சுப்போட்டன், அவள் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள். கண்ணால தண்ணி வந்திட்டுது அவளுக்கு. அப்பிடி அவள் சிரிச்சு நான் கண்டு கனகாலம். மூண்டாம் ஞாயிறும் போவம் எண்டு நிண்டாள். எனக்கு அதுக்குள்ள பழகீட்டுது, பிறகேன் எண்டு போகேல்லை.

சுங்கச் சாவடிதான் பெரிய அந்தரம். எங்கட காரில சாரதி வலப்பக்கம், அவையின்ர மெஷின் இடப்பக்கம். மனிசிதான் கையை நீட்டி ரிக்கெட் எடுக்கவேணும். அவவுக்குக் கை கட்டை. இப்பவே சொல்லிப்போட்டா, பெல்ட்டைக் கழட்டி இடுப்பு வரைக்கும் வெளியில போய் எடுக்கமாட்டாவாம்.

பிறகு சாமான். டிக்கி நிரம்பிப் போச்சுது. தங்கச்சிக்குத் தேயிலையும் மிளகாய்த்தூளும், அண்ணையின்ர மனிசிக்குச் சீலை, ஞானேசுக்கு அவனுக்கு விருப்பமான போத்தல், அவையின்ர பிள்ளையளுக்குச் சொக்லேட், எங்கட ரைஸ் குக்கர், புட்டுக்குழல். சின்னவன் காத்தடிச்ச முதலை ஒண்டு வைச்சிருந்தான், தண்ணிக்கு. அதை வைக்க இடம் இல்லை, இறக்கி வீட்டில வைச்சாச்சு. அழுதவன்தான். என்ன செய்யிறது, வெறுங்கையோட ஒரு வீட்டுப் படியேறலாமே?

எல்லாம் ஆயத்தம். அப்பதான் தம்பி, ஒரு கிழமைக்குள்ள மூண்டு இடி.

முதல் தங்கச்சி. "அண்ணா, வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறம், மணம் தாங்கேலாது, இந்தமுறை வேண்டாம் அண்ணா." பெயின்ற்! மழைக்கு ஒழுகின கொட்டிலுக்குள்ள ஒரே பாயில படுத்து வளர்ந்த நாங்கள். எனக்குப் பெயின்ற் மணமாம். ரெண்டாவது லியோன் அண்ணை. தண்ணிக் குழாய் வெடிச்சு வீடெல்லாம் வெள்ளமாம். சரி, இருக்கலாம் எண்டு விட்டன். மூண்டாவது ஞானேஸ். கனடாவில இருந்து மாமியாக்கள் வருகினமாம், படுக்க இடமில்லையாம். "டேய், நான் விறாந்தையில படுப்பன்ரா" எண்டனான். "விறாந்தையிலயும் ஆள் மச்சான்" எண்டான். எங்கட சனம் இடமில்லை எண்டு சொல்லுமே தம்பி? ஒரு அறை வீட்டில பதினாலு பேர் படுத்தெழும்பின சனம், இடமில்லை எண்டு சொல்லுமே?

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏதோ நடந்திருக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். போன வருசம் அண்ணையின்ர மகள் பெரியபிள்ளையாகி வைச்ச சாமத்திய வீட்டுக்கு நான் போகேல்லை. கடை. சீலை அனுப்பினனான், ஆனா ஆள் போகேல்லை. அதுதான். அண்ணை மனதில வைச்சிருந்து மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லி, எல்லாருமாச் சேர்ந்து என்னை ஒதுக்கிப்போட்டினம். வேற என்ன? மனிசியிட்டச் சொன்னன், "பாத்தியேப்பா, ஒரு சாமத்திய வீட்டுக்குப் போகாததுக்கு இவ்வளவு பழி." அவ கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டவ, தலையை நிமித்தவே இல்லை. "ம்" எண்டா. அவவுக்கும் கவலை. முகத்தைக் காட்டாமல் வெட்டிக்கொண்டு நிண்டா.

பயணத்தை நிப்பாட்டுவம் எண்டு நான் சொல்ல, ஆரபி ஓடி வந்தாள். "இல்லை அப்பா, நான் ஒரு இடம் பாத்து வைச்சனான். சென் மாலோ பக்கம். கடற்கரையோட. கிரிஷனுக்குச் சறுக்கும் இருக்கு." கெட்டிக்காரி பாருங்கோ, ஏதும் அவசரத்துக்கு உதவும் எண்டு முதலே பதிஞ்சு வைச்சிருக்கிறாள். கப்பல் ரிக்கெட் கலேக்கு எடுத்தாச்சு, மாத்தேலாது. அதனாலதான் இஞ்சால வந்து இறங்கி அவ்வளவு தூரம் ஓடப் போறம். சறுக்கெண்டா அங்க இன்னொரு கூத்து. தண்ணிக்குள்ள இறங்கிறதெண்டா இறுக்கின சின்னக் காற்சட்டைதான் போடவேணுமாம், தொளதொள காற்சட்டை போட்டா இறக்கமாட்டினமாம். இந்த வயித்தோட நான் அதைப் போட்டுக்கொண்டு வெளியில வாறதே? ஆரபி எனக்கும் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறாள். நீலம்.

ஆ, இந்தா வாறாள். இவதான் தம்பி என்ர மகள். ஆரபி, இந்த அண்ணா ரென்னுக்குப் போறார், எங்கட ஆள். ... என்ன பிள்ளை? ... டொல்பினோ? கடலுக்குள்ளயோ? ... ஓம், ஓம், நீ போ, நான் அஞ்சு நிமிசத்தில வாறன். இந்தக் கதையை முடிச்சுப்போட்டு வாறன். ... ஓம் பிள்ளை, இந்தமுறை மெய்யா வாறன்.

பாத்தியளே, என்ன மரியாதை. நீங்கள் வர முதலும் ரெண்டுதரம் வந்தவள், இது மூண்டாந்தரம் வந்து கூப்பிடுறாள். கொஞ்சம் முகம் வாடிக் கிடக்கு, கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளேல்லைப் போல. நான் சொல்ல வந்தது என்னெண்டா, எனக்குப் பெட்டி வீட்டில படுக்கிறது பிரச்சினை இல்லை. கூடப் பிறந்தவள் வாயால "வராதேங்கோ" எண்டு சொன்னதுதான். நித்திரை இல்லை தம்பி அண்டையில இருந்து. பிள்ளை படிக்கப் போக முதல் போற ஒரே பயணத்தில சொந்தம் எல்லாம் சேர்ந்து இப்பிடிச் செய்து...

பொறுங்கோ, ஃபோன். கலே கிட்டுது போல, சிக்னல் வந்திட்டுது. ஆர் இது? தங்கச்சி! சொல்லி வாயை மூடேல்லை. எடுக்கவோ விடவோ? எடுக்கிறன், என்ன பெயின்ற் காஞ்சிட்டுதோ எண்டு கேப்பம்.

ஹலோ. ... ஓம். ... கப்பலுக்குள்ளதான் நிக்கிறம், உனக்கென்ன? ... எங்க நிக்கிறாய்? ... கலேயிலயோ? நீ ஏன் கலேக்கு வந்தனீ? ... என்ன சட்டி? ... சுகந்தி, அழாதை. அழாமல் சொன்னாத்தான் எனக்கு விளங்கும். ... பெயின்ற் அடிக்கேல்லையோ? ... ஆர் எடுத்தது? ... ஆர்? ... அண்ணைக்குமோ? ஞானேசுக்குமோ? ... ம். ... ம். ... அவள் என்ன சொன்னவள்? ... இன்னொருக்காச் சொல்லு. ... ... சரி. ... இல்லை, ஏசமாட்டன். ஏசமாட்டன் எண்டு சொல்லுறன்தானே. ... அங்கயே நில்லு, இறங்கி வாறம். வை.

தம்பி, அந்தத் தண்ணிப் போத்தலைத் தாங்கோ ஒருக்கா.

மகள்தான் தம்பி. என்ர மகள்தான். மூண்டு பேருக்கும் ஃபோன் எடுத்து, "அப்பா கேட்டா இடமில்லை எண்டு சொல்லுங்கோ" எண்டு கெஞ்சியிருக்கிறாள். பெயின்ற், குழாய், கனடா மாமி, எல்லாம் பொய். அண்ணை மாட்டன் எண்டு ஏசினவராம், பிறகு அவளின்ர கதையைக் கேட்டுப்போட்டு அழுதுகொண்டு ஓமெண்டவராம். மனிசிக்கும் தெரியுமாம்! வெங்காயம் வெட்டினவ! நான் ஒருத்தன்தான் இந்த உலகத்தில ஒண்டும் தெரியாமல் சாமத்திய வீடு, சாமத்திய வீடு எண்டு புறுபுறுத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

கோபம் வரேல்லை எண்டு சொல்லமாட்டன். உச்சந்தலைக்கு ஏறினது. இஞ்ச பிறந்த பிள்ளை, சொந்தபந்தம் எண்டா அரியண்டம், அதுதானே எண்டு நினைச்சன். அதில்லையாம் தம்பி. தங்கச்சியிட்ட என்ன சொன்னவள் தெரியுமே? "மாமி, உங்கட வீட்டை வர எனக்குச் சரியான விருப்பம். ஆனா அங்க வந்தா அப்பா உங்கட ஆள். லண்டனில அவர் கடையின்ர ஆள். நான் போக முதல் கொஞ்ச நாள் அவர் என்ர ஆளா இருக்கட்டும் மாமி." தமிழிலதானாம் சொன்னவள். ஒரு சொல்லும் தடக்காமல்.

என்ர ஆளா இருக்கட்டுமாம். நான் ஆர் தம்பி? கடைக்காரன். முன்னுக்கு மயிரும் இல்லை. என்னை ஒருத்தி மூண்டு வீட்டாரிட்டப் பொய் சொல்லச் சொல்லிக் கடன் கேட்டமாதிரிக் கேட்டு எடுத்திருக்கிறாள்.

இவள் தங்கச்சி இருக்கிறாளே, அவளுக்கு "வராதேங்கோ" எண்டு சொன்ன நாளில இருந்து சாப்பாடு இறங்கேல்லையாம். விடிய எழும்பி நண்டுக்கறி வைச்சு, சட்டியோட காரில ஏத்தி, பாரிசில இருந்து கலே வரைக்கும் ஓடி வந்து துறைமுக வாசலில நிக்கிறாள். "வீடு இல்லை எண்டு சொல்லத்தான் அண்ணா பிள்ளை கேட்டவள், கறி இல்லை எண்டு சொல்லச் சொல்லேல்லையே" எண்டுறாள். சட்டியைத் தந்திட்டு உடன திரும்பிப் போயிடுவாளாம். ஒரு நிமிசம்கூட நிக்கமாட்டாளாம், பிள்ளைக்கு வாக்குக் குடுத்தவளாம். விசரி. ரெண்டும் விசரியள்.

இல்லை, ஒண்டுமில்லை. கண்ணுக்குள்ள உப்புக் காத்து. ஓம், உள்ளுக்குள்ளதான் இருக்கிறம், தெரியும்.

அறிவிக்கிறான், காரடிக்கு இறங்கட்டாம். எழும்புவம். தம்பி, உங்களோட கதைச்சது பெரிய சந்தோசம், நல்ல பொறுமையான பிள்ளை நீங்கள். ரென்னில இருந்து எங்கட இடம் ஒரு மணித்தியாலம்தானாம். நாளைக்கு மத்தியானம் அக்காவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒரு சட்டி நண்டுக்கறி நாங்கள் நாலு பேர் என்னெண்டு சாப்பிடுறது? கடற்கரையில இருந்து வடிவாக் கதைக்கலாம். என்ர நம்பரை அடியுங்கோ, சைபர், ஏழு...

அங்க படியில ஆரபி நிக்கிறாள். இறங்கி வந்திட்டினம் போல. இஞ்சதான் பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

அடியாதேங்கோ தம்பி. அந்த ரெண்டு இலக்கத்தையும் அழியுங்கோ. எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை, என்ர வாயால நான் ஒரு மனிசருக்கும் இப்பிடிச் சொன்னதில்லை. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்கோ. என்னைப் பற்றி என்னவும் நினையுங்கோ, பரவாயில்லை. அங்க இடமும் இருக்கு, கறியும் இருக்கு. நீங்கள் வராதேங்கோ.